நரம்பும் தளரவில்லை, சத்தும் போகவில்லை

போன மாதம் ஒரு கல்யாணம் நின்றுபோனது. பத்திரிகை அடித்து, குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைத்து, மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. அதற்கப்புறம் மாப்பிள்ளை "எனக்குக் கல்யாணம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். பெண்ணைப் பிடிக்கவில்லையா, வேறு யாரையாவது மனதில் வைத்திருக்கிறாயா என்று வீட்டில் ஆளாளுக்குக் குடைந்திருக்கிறார்கள். பையன் வாய் திறக்கவில்லை. கடைசியில் அம்மா என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார்.

வயது 27. லேத் பட்டறையில் வேலை. ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். அம்மாவை வெளியே உட்காரச் சொன்ன பிறகும் பத்து நிமிஷம் தலை குனிந்தே இருந்தார். அப்புறம் பைக்குள் கைவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளே சிறுநீர். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கலாக இருந்தது. "பாருங்க சார், சத்தெல்லாம் இதுல போயிடுச்சு. இனிமே நான் ஒரு பொண்ணு வாழ்க்கையக் கெடுக்கணுமா?"

பக்கத்து லேபிலிருந்து ஒரு டெஸ்ட் டியூபும் நீர்த்த அசிட்டிக் அமிலமும் வாங்கி வரச் சொன்னேன். அசிட்டிக் அமிலம் என்றால் வேறொன்றுமில்லை, வினிகரில் இருப்பதுதான். அவர் பாட்டிலிலிருந்தே கொஞ்சம் டியூபில் ஊற்றி, அவர் கையிலேயே கொடுத்து, நான்கைந்து சொட்டு விட்டேன். "ஆட்டுங்க தம்பி." ஆட்டினார். கலங்கல் போய்த் தெளிந்துவிட்டது. டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது பாஸ்பேட் உப்பு. நன்றாகச் சாப்பிட்ட பிறகு சிறுநீரில் அமிலத்தன்மை குறையும், அப்போது உப்பு பிரிந்து வெள்ளையாகத் தெரியும். கொஞ்சம் அமிலம் பட்டால் கரைந்துவிடும். விந்தோ சீழோ இப்படித் தெளியாது. இந்த உப்பைக் காட்டித்தான் ஒரு லாட்ஜ் அறையில் நான்கு மாதமாக லேகியம் விற்றிருக்கிறார்கள். மொத்தம் 38 ஆயிரம் ரூபாய். பட்டறைச் சம்பளத்தில் அது எத்தனை மாத உழைப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் மனநல மருத்துவராக இருக்கிறேன். இந்தக் கதையோடு வாரத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். இவ்வளவு நாள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்வீட்டார் சீர்ப் பாத்திரத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்தார்கள் என்று கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பிரச்சினைக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. தாத் சிண்ட்ரோம். நம் 'தாது' என்ற சொல்தான். 1960-ல் மனநல மருத்துவர் என்.என்.விக் வைத்த பெயர். விந்து வீணாகிறது, அதனால் உடம்பு அழிகிறது என்ற நம்பிக்கை ஒருவருக்குள் உட்கார்ந்துகொள்ளும். அசதி, முதுகுவலி, படபடப்பு, தூக்கமின்மை, ஞாபக மறதி, ஆண்மைக் குறைவு என்று எல்லாம் அதன் பின்னால் வரிசையாக வரும். உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய்ப் பட்டியலிலும் இது இடம்பெற்றிருக்கிறது. நம் ஊர் ஆட்களுக்கு மட்டும் வந்த அறியாமை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1760-ல் டிஸ்ஸோ என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர், ஒரு அவுன்ஸ் விந்து போவது நாற்பது அவுன்ஸ் ரத்தம் போவதைவிட மோசம் என்று புத்தகமே எழுதினார். ஐரோப்பா அதை நம்பிப் பயந்தது. பிறகு கைவிட்டது. நாம் இன்னும் பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு ரத்தத்துக்குச் சமம் என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு முறை வெளியாகும் விந்து 2 முதல் 5 மில்லி. ஒரு டீஸ்பூன் அளவு, அவ்வளவுதான். 3 மில்லி என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சொட்டுக்கு நாற்பது சொட்டு ரத்தம் என்றால் 120 மில்லி ரத்தம். உடம்பில் மொத்த ரத்தமே 5 லிட்டர் சுமார்தான். அப்படியானால் புதிதாகக் கல்யாணமான எந்த ஆணும் இரண்டு மாதத்தைத் தாண்டியிருக்க முடியாது. உங்கள் அப்பா, தாத்தா யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ரத்ததான முகாமில் ஒரே தடவையில் 350 மில்லி கொடுத்துவிட்டு, பிஸ்கட் சாப்பிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறோமே, அதை யோசியுங்கள். விந்தில் பெரும்பகுதி தண்ணீர். கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் புரதம், உப்புகள். உயிரணு மிகச் சிறிய பங்கு. உடம்பு அதை நிறுத்தாமல் உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. தூக்கத்தில் வெளியேறுவதும் இயல்பு, சுய இன்பத்தில் வெளியேறுவதும் இயல்பு. இரண்டினாலும் எலும்பு உருகாது, கன்னம் ஒட்டாது, பிள்ளை பிறக்காமல் போகாது.

அடுத்தது 'நரம்புத் தளர்ச்சி'. இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. தமிழில் நாம் ரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம், மூளையிலிருந்து செய்தி கொண்டுபோகும் நரம்பையும் நரம்பு என்கிறோம். ஊசி போடும்போது "நரம்பு கிடைக்கலை" என்று நர்ஸ் சொல்வது ரத்தக் குழாயை. கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதும் ரத்தக் குழாய்தான். மெலிந்த ஆளுக்கு, உடல் உழைப்பு உள்ள ஆளுக்கு அது நன்றாகவே தெரியும். இந்தத் தம்பியும் முழங்கையைத் திருப்பிக் காட்டி "நரம்பெல்லாம் வெளிய வந்துடுச்சு சார்" என்றார். லேத்தில் நாள் முழுக்க இரும்பைத் தூக்கும் கை அது. வேறு எப்படி இருக்கும்? உண்மையான நரம்பு சாதாரணமாக வெளியே கண்ணுக்குத் தெரியாது. அது பாதிக்கப்பட்டால் மரத்துப்போகும், எரியும், பிடி நழுவும், செருப்பு காலைவிட்டுக் கழன்றாலும் தெரியாது. சர்க்கரை நோய், பி12 குறைவு, மது, தொழுநோய் ஆகியவை அதற்கான முக்கியக் காரணங்கள். விந்து போனதால் நரம்பு கெட்டது என்று எந்த நரம்பியல் மருத்துவரும் எழுதிக் கொடுக்க மாட்டார். நரம்பியல் பிரிவில் போய், 'நரம்புத் தளர்ச்சி' என்று ஒரு நோய் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

"அப்படின்னா எனக்கு ஏன் சார் அசதியா இருக்கு? நான் பொய் சொல்றேனா?" என்று கேட்பார்கள். இல்லை. பொய் சொல்லவில்லை. அசதி நிஜம், படபடப்பு நிஜம், படுக்கையில் முடியாமல் போவதும் நிஜம். நம்பிக்கை உடம்புக்குள் இறங்கி வேலை செய்கிறது. 2007-ல் இத்தாலியில் ஒரு ஆய்வு வெளியானது. புராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டரைடு என்ற மாத்திரையைக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாத்திரை, ஒரே அளவு. ஒரு பாதிப் பேரிடம் "அபூர்வமாக ஆண்மைக் குறைவு வரலாம்" என்று சொன்னார்கள், மறுபாதியிடம் சொல்லவில்லை. சொல்லப்பட்டவர்களில் 43.6 சதவீதம் பேருக்குப் பாலியல் தொந்தரவு வந்தது. சொல்லப்படாதவர்களில் 15.3 சதவீதம். மாத்திரையில் வித்தியாசமே கிடையாது. காதில் விழுந்த வார்த்தையில்தான் வித்தியாசம். இதை நோசிபோ விளைவு என்போம். வெள்ளைக் கோட்டுப் போட்ட மருத்துவர் 'அபூர்வம்' என்று சொன்னதற்கே இந்த விளைவு. "உன் வாழ்க்கையே போச்சு" என்று நாடியைப் பிடித்துப் பார்த்து ஒருவன் சொன்னால் உடம்பு என்ன பாடுபடும்?

ஆகவே வீட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து "எல்லாம் மனப்பிரமை, போய் வேலையைப் பார்" என்று சொல்லாதீர்கள். என் சக மருத்துவர்களிடமும் இதையேதான் கேட்கிறேன். புறநோயாளிகள் வரிசை வாசல்வரை நிற்கும்போது ஒரு பி-காம்ப்ளெக்ஸ் ஊசியைப் போட்டு அனுப்பிவிடுவது சுலபம், எனக்கும் தெரியும். ஆனால் "சத்து போச்சு" என்று வந்தவருக்குச் சத்து ஊசி போட்டால், ஆமாம் போச்சுதான் என்று நாமே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிறது. அந்த வைட்டமின் மறுநாள் சிறுநீரை அடர் மஞ்சளாக்கும். அதைப் பார்த்து அவர் இன்னும் பயப்படுவார். பத்து நிமிஷம் உட்காரவைத்துப் பேசுங்கள். முடியாவிட்டால் அனுப்பிவையுங்கள்.

லேகியம் சாப்பிட்டுச் சிலருக்குச் சரியானதே என்று கேட்கலாம். சரியாகும். பயம் குறைந்தால் உடம்பு தானாக வேலை செய்யும், அந்தப் பெருமை டப்பாவுக்குப் போய்விடுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. 'மூலிகை' என்று விற்கப்படும் ஆண்மை மருந்துகளில், வயாக்ரா மாத்திரையில் இருக்கும் சில்டெனாஃபில் கலந்திருந்ததைப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கின்றன. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடும் ஒருவர் அது தெரியாமல் இதையும் விழுங்கினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். உலோகக் கவலையும் இருக்கிறது. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. முறையாகப் படித்த சித்த மருத்துவர்களை நான் குறை சொல்லவில்லை. ஏழு உடற்தாதுக்களைக் கரைத்துக் குடித்த அவர்களில் பலர் இந்த லாட்ஜ் வியாபாரத்தை என்னைவிடக் கடுமையாகத் திட்டுகிறார்கள். ஆண்மை மருந்து என்று விளம்பரம் செய்வதையே தடுக்க 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. போஸ்டர் ஒட்டுகிறவர்களுக்கும் அது தெரியும். அதனால்தான் ஓரிடத்தில் இருக்க மாட்டார்கள். மாதம் இரண்டு தேதி, ஒரு அறை எண், ஒரு செல்போன் எண், அவ்வளவுதான் அவர்கள் முகவரி.

பெண்களிடமும் இதே பயம் வேறு பெயரில் இருக்கிறது. வெள்ளைப்படுவதைப் பார்த்து "எலும்பு உருகி வருது" என்று மெலிந்துபோகிறவர்கள் உண்டு. மாதச் சுழற்சியில் நிறமில்லாமலோ வெள்ளையாகவோ, துர்நாற்றமில்லாமல் கொஞ்சம் கசிவது இயல்பு. அரிப்பு, துர்நாற்றம், தயிர் மாதிரித் திரிதல், ரத்தம் கலந்து வருதல் இருந்தால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அதில் வெட்கம் வேண்டாம்.

ஆண்களுக்கும் உடனே காட்டவேண்டிய விஷயங்கள் உண்டு. சிறுநீர் போகும்போது எரிச்சல், சீழ், புண், விந்தில் ரத்தம் என்றால் பரிசோதனை செய்தே ஆகவேண்டும். நாற்பது வயதுக்கு மேல் புதிதாக விறைப்புக் குறைந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பாருங்கள். இதய நோய் முதலில் அங்கே தலைகாட்டுவதுண்டு. அதை வெட்கப்பட்டு லேகியத்தில் மறைப்பது ஆபத்து. அசதி தீரவில்லையென்றால் ரத்த அளவும் தைராய்டும் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் மனம் பாரமாகவே இருந்தால், வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் வரத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது.

அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள். பெண் வயதுக்கு வந்தால் தாய்மாமன் சீர்வரை செய்து ஊருக்கே சொல்கிறோம். பையனிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அவன் உடம்பில் நடப்பது இயல்பு என்று ஒரே ஒரு முறை வீட்டில் கேட்டிருந்தால் சுவரில் ஒட்டியதைப் படித்துப் பயந்திருக்க மாட்டான்.

அந்தத் தம்பி இதுவரை மூன்று முறை வந்துவிட்டார். ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாவது முறை வந்தபோது, தானே வீட்டில் வினிகர் வாங்கிச் செய்து பார்த்ததாகச் சொன்னார். "கறி சாப்பிட்ட அன்னைக்குக் கலங்குது சார், காலையில தெளிவா இருக்கு" என்று தேதி வாரியாக எழுதி வைத்திருந்த தாளை நீட்டினார். தூக்கம் வந்துவிட்டது. பெண்வீட்டாரிடம் யார் போய்ப் பேசுவது என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

நீங்களும் இப்படி எதையாவது வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். ஆனால் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். லேபிள் கிழிந்திருந்தாலும், அடியில் ஒரு விரல் அளவே மிச்சம் இருந்தாலும் மருத்துவரிடம் போகும்போது அதையும் கையோடு எடுத்துப் போங்கள். வயிற்றுவலியோ, ரத்தசோகையோ, மலச்சிக்கலோ புதிதாக வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஈயம் ஏறியிருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டியிருக்கும்.