அடைபட்ட வாய்க்காலில் யார் முதலில் இறங்குவது?

சிறுபோகம் தொடங்கப் போகிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு வாய்க்கால் புல்லும் சேறுமாய் அடைந்து கிடக்கிறது. அதில் நீர் பாய்ச்சும் 20 பேருக்கும் அது தெரியும். ஆனாலும் மண்வெட்டியோடு இறங்க ஆளில்லை. "எங்கட சனத்துக்கு ஒற்றுமை இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். அது நியாயமான தீர்ப்பு அல்ல என்றே நினைக்கிறேன்.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஒரு நாள் வாய்க்கால் வெட்டினால் 2,000 ரூபாய் கூலி போகிறது. அந்த உழைப்பால் கூடுதலாக வரும் தண்ணீரின் பெறுமதி 5,000 ரூபாய் என்று வைப்போம். ஆனால் அது 20 பேருக்கும் பிரிகிறது. வெட்டியவருக்குக் கிடைப்பது 250. ஆக, அவருக்கு 1,750 நட்டம். எல்லாரும் இறங்கினாலோ ஆளுக்கு 3,000 மிச்சம். மற்ற 19 பேரும் வெட்ட, ஒருவர் மட்டும் வீட்டில் இருந்தால் அவருக்கு 4,750! ஆட்கள் கூடக்கூட இந்தச் சிக்கல் இறுகும் என்று 1965இல் மன்சர் ஒல்சன் என்ற பொருளியலாளர் விளக்கினார்.

ஆனால் மனிதர் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் அல்ல. பொதுப் பானையில் பணம் போடச் சொல்லும் பரிசோதனைகளில், முதல் சுற்றில் கையிலிருப்பதில் பாதியளவைப் போடுகிறார்கள். சுற்றுகள் போகப்போக அது குறைகிறது. பலர், பிறர் கொடுத்தால் தாமும் கொடுக்கத் தயார். சிலர் கொடுக்காததைக் கண்டதும் கையை இழுத்துக்கொள்கிறார்கள்.

வாய்க்காலில் இன்னொரு சங்கடமும் உண்டு. தண்ணீர் திறந்துவிடும் துருசுக்குப் பக்கத்து வயலுக்கு, வாய்க்காலில் புல் இருந்தாலும் தண்ணீர் வரும். காய்வது கடைசி வயல்தான்.

அம்பாறையில் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரை இப்படித்தான் இருந்தது. தலைப்பக்கம் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைசியில் தமிழர். 1981இல் கமநல ஆராய்ச்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளம் அமைப்பாளர்களை அங்கே அனுப்பின. அவர்கள் பெரிய சங்கம் எதையும் முதலில் கட்டவில்லை. ஒரே வயல் வாய்க்காலில் நீர் பாய்ச்சும் பத்துப் பதினைந்து பேரோடு பேசத் தொடங்கினார்கள். வாய்க்கால் வெட்டினார்கள், அப்புறம் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். தண்ணீர் குறைந்த அந்தப் போகத்திலேயே மேலே இருந்தவர்கள் மிச்சம் பிடித்துக் கீழே விட்டார்கள்.

சிறு கூட்டத்தில் யார் வந்தார், யார் வரவில்லை என்பது மறையாது. 20 பேர் என்றாலும் ஏக்கர் கணக்குக்கு வாய்க்காலை அளந்து பங்கு பிரித்துவிடலாம். வெட்டாத துண்டு யாருடையது என்று வரம்பில் நடந்து போகிற எவருக்கும் தெரியும்.