இடிந்த சுவரை விசாரிப்பது எப்படி?

1615 ஏப்ரல் 14ஆம் திகதி கொழும்பைப் பெரும் நிலநடுக்கம் ஒன்று தாக்கியதாகப் போர்த்துக்கேயப் பதிவொன்று கூறுகிறது. சுமார் 200 வீடுகள் விழுந்தன, 2000 பேர் மாண்டனர் என்பது அதன் கணக்கு. இலங்கையோ புவித்தட்டு எல்லைகளிலிருந்து வெகு தொலைவில், மிகப் பழைய பாறையின் மேல் இருக்கிறது. ஆகவே இந்தக் கணக்கை அப்படியே ஏற்கவும் தயக்கம், தள்ளிவிடவும் தயக்கம். நிலநடுக்கமானி இல்லாத காலத்து அதிர்வுக்கு மண்ணுக்குள் கிடக்கும் கட்டடங்கள் சாட்சி சொல்லக்கூடும். அந்தச் சாட்சியை விசாரிக்கும் துறைதான் தொல்நிலநடுக்கவியல்.

மிகத் தெளிவான சாட்சி, பாறைகள் பிளந்து ஒன்றையொன்று உரசி நழுவும் பிளவுக்கோட்டின் மேலேயே கட்டப்பட்ட கட்டடம். யோர்தான் ஆற்றின் யாக்கோபின் துறையில் சிலுவைப் போராளிகள் 1178இல் ஒரு கோட்டை கட்டத் தொடங்கினார்கள். மறு ஆண்டே அது முஸ்லிம் சுல்தான் சலாஹுத்தீனிடம் வீழ்ந்தது. அதன் மதில்கள் சாக்கடல் பிளவுக்குக் குறுக்கே ஓடுகின்றன. இன்று அவை 2.1 மீற்றர் விலகி நிற்கின்றன. பிற்காலத்தில் அங்கே எழுந்த பள்ளிவாசலின் சுவர் விலகியிருப்பதோ அரை மீற்றர்தான். எனவே மதிலின் விலகலில் சுமார் 1.6 மீற்றர் 1202 மே 20 நிலநடுக்கத்துக்கும், மீதி 1759ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்கும் உரியவை என ஆய்வாளர்கள் பிரித்தறிந்தார்கள்.

இப்படியான இடங்கள் அபூர்வம். பெரும்பாலும் கிடைப்பது, பிளவிலிருந்து தள்ளியிருந்து குலுங்கிய கட்டடம்தான். அங்கே ஒவ்வோர் அடையாளத்துக்கும் வேறொரு விளக்கமும் உண்டு. வளைவின் உச்சிக்கல் சில சென்ரிமீற்றர் கீழே இறங்கி நிற்பதை எடுத்துக்கொள்வோம். குலுக்கலில் வளைவு கணநேரம் விரிகிறது, கல் நழுவுகிறது, வளைவு மறுபடி இறுகி அதைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் இரு பக்கத் தாங்குசுவர்களும் ஈர மண்ணில் மெல்ல விலகினாலும் கல் இறங்கத்தான் செய்யும். அதனால் உச்சிக்கல்லை அளப்பவர் தாங்குசுவர்களின் இடைவெளியையும் அத்திவாரத்தின் சரிவையும் அளக்காமல் வரக்கூடாது.

வெடிப்புகளும் அப்படியே. நிலம் மெல்ல இறங்கினால் வெடிப்பு பெரும்பாலும் சாந்து இணைப்புகளைப் பின்பற்றிப் படிப்படியாக ஏறும். அடுத்தடுத்த பல கற்களை ஊடறுத்து ஒரே நேராக ஓடும் வெடிப்புக்கு அதிக சக்தி வேண்டும். இன்னும் வலுவான சான்று, சுவர்களின் திசையில் இருக்கிறது. வடக்கு–தெற்காக ஓடும் சுவர்கள் தளம் முழுவதும் ஒரே பக்கம் விழுந்து, கிழக்கு–மேற்குச் சுவர்கள் விழாமல் பெருக்கல் குறிபோல வெடித்திருந்தால், கிழக்கு–மேற்கான குலுக்கலைச் சந்தேகிக்கலாம். ஆனால் விழுந்த திசையை வைத்து அதிர்வின் மையத்தைக் கணிக்கக்கூடாது. மண்ணின் தன்மையும் கட்டடத்தின் வடிவமும் அந்தத் திசையை மாற்றிவிடும்.

அகழ்வில் நடக்கும் பெரிய தவறு, தரையைக் காணும் அவசரத்தில் மேலே கிடக்கும் கற்களைக் குப்பையாக அள்ளுவது. அந்தக் குவியல்தான் ஆதாரம். ஒவ்வொரு கல்லுக்கும் இலக்கமிட்டு, அதன் திசையையும் சாய்வையும் குறித்து, பல கோணங்களில் படமெடுத்து முப்பரிமாண மாதிரி செய்த பிறகே அதை நகர்த்த வேண்டும். பிறகு கற்களுக்கும் தரைக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உடைந்த பானைகளும் கூரை ஓடுகளும் நேரே தரையில் கிடந்து, அவற்றின் மேல் சுவர் விழுந்திருந்தால், ஆள் புழங்கிய வீடு திடீரென இடிந்திருக்கிறது. இடையில் ஒரு விரற்கடை வண்டல் இருந்தாலும், வீடு முன்பே கைவிடப்பட்டிருக்கலாம். ஓடுகளே இல்லையென்றால் யாரோ கழற்றிச் சென்றிருக்கலாம்.

அடுத்தது காலம். இஸ்ரேலின் பெத்செயான் நகரில் இடிபாட்டுக்கு அடியில் கிடைத்த பொன் தினார்களில் மிகப் பிந்தியது ஹிஜ்ரி 131ஆம் ஆண்டுக்குரியது. அந்த ஆண்டு பிறந்தது கி.பி. 748 ஓகஸ்ட் இறுதியில். அப்பகுதியின் பெரும் நிலநடுக்கம் ஒரு ஜனவரியில் நேர்ந்தது என்பது ஏடுகளில் இருந்தது. எந்த ஆண்டு என்பதில்தான் குழப்பம். 749 ஜனவரிக்கு முந்திய எதுவும் அந்த நாணயத்தோடு பொருந்தாது. ஆனால் நாணயம் கீழ் எல்லையை மட்டுமே தரும். மேல் எல்லைக்கு, இடிபாட்டின் மேல் பின்னர் கட்டப்பட்டதையோ கொட்டப்பட்டதையோ தேட வேண்டும்.

இத்துறையை அதிகம் கெடுத்தது வட்ட வாதம். இடிபாட்டைக் கண்டவர் நிலநடுக்கப் பட்டியலைத் திறந்து பொருத்தமான ஆண்டைத் தேர்ந்தெடுக்கிறார். பிறகு பட்டியல் தொகுப்பவர் அந்த இடிபாட்டையே சான்றாகச் சேர்க்கிறார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் சாட்சிக்கு அழைக்க, ஆதாரம் எங்குமே இல்லாமல் போகிறது. இடிபாட்டின் காலத்தை ஏடுகளைப் பார்க்காமலே நிர்ணயித்துவிட்டுப் பிறகு ஒப்பிடுவதே ஒழுங்கு.

கொழும்பில் இந்த வேலை கடினம். 1655–56 முற்றுகையில் ஒல்லாந்தரின் பீரங்கிகள் நகரை நொறுக்கின. பின்னர் அவர்கள் கோட்டையைச் சிறிதாக்கிக் கட்டினார்கள். பிரித்தானியர் 19ஆம் நூற்றாண்டில் அதன் மதில்களையும் இடித்தார்கள். கபுக் கல் (செம்பூரான் கல்) மழையில் அரிபட்டு மூலைகள் மழுங்குவதால், கற்கள் மோதிச் சிதறிய தடயமும் எளிதில் அழிந்துவிடும். சதுப்பு நிலத்தில் அதிர்வு இல்லாமலே சுவர் சாயும். 1615ஐ அண்டிய காலத்தைக் காபன்-14ஆல் நெருங்கிக் கணிக்கவும் முடியாது. காபன் அளவை ஆண்டாக மாற்ற உதவும் அளவுத்திருத்த வளைகோடு அங்கே தட்டையாக நெளிவதால் விடை நூறு ஆண்டுக்கும் மேல் விரிந்துவிடும். சீனப் பீங்கான் அதைவிட உதவும்: வான்லி பேரரசர் காலத்துத் துண்டுகள் (1573–1620) இடிபாட்டின் அடியிலும், ஒல்லாந்தரின் களிமண் புகைக்குழாய்கள் அதன் மேலும் கிடைத்தால் காலம் நன்றாகவே இறுகும். பீரங்கிக் குண்டோ கரிப்படையோ இல்லாத அப்படியோர் அடுக்கு, கோட்டையிலும் புறக்கோட்டையிலுமாக ஒன்றுக்கொன்று தள்ளிய மூன்று நான்கு இடங்களில் வெளிப்பட வேண்டும். அந்த அடுக்கு எங்காவது மிஞ்சியிருந்தால், புதிய கட்டடங்களுக்காக அத்திவாரம் தோண்டும் ஆழத்துக்குள்தான் இருக்கும். பைலிங் இயந்திரம் இறங்குவதற்கு முன் தொல்லியலாளருக்குச் சில வாரங்களாவது கொடுத்தால்தான் அதைப் படிக்க முடியும்.