பெடலை மிதித்தால் நிற்கும் சத்தம்

நாமக்கல் பக்கம் லாரி வைத்திருப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் ஒரு வாக்கியம் உண்டு: "அண்ணே, பாக்ஸ்ல சத்தம் வருதுண்ணே." டிரைவர் போனில் இதைச் சொன்ன நிமிடமே ஓனர் மனதில் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். கியர் பாக்ஸை இறக்கி ஏற்றக் கூலி, உள்ளே போடும் ஜாமான், வண்டி நிற்கும் நாட்கள், நிற்காமல் வரும் ஃபைனான்ஸ் தவணை. ஆனால் பாக்ஸ் சத்தம் என்று பேர் வாங்கும் பல சத்தங்கள் பாக்ஸுக்குள்ளிருந்து வருவதே இல்லை.

என் மாமா வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். வண்டி நிற்கும்போது ஃபர்ஸ்ட் கியர் போட்டால் கரகரவென்று அரைக்கும். ரிவர்ஸ் லேசில் விழாது. பார்த்த பட்டறையில், கியர் விழும் முன் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் வளையமான சிங்க்ரோனைசர் ரிங் போய்விட்டது என்றார்கள். பாக்ஸ் இறங்கியது, ரிங்குகள் மாறின, பாக்ஸ் ஏறியது. மறுநாள் அதே கரகர. இரண்டாம் முறை இறக்கி, கிளட்ச்சையும் கழற்றிய பிறகுதான் தெரிந்தது: ஃப்ளைவீலின் நடுவில் உட்கார்ந்திருக்கும் பைலட் பேரிங் இறுகிப் போயிருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற சாமான், விலை சில நூறு ரூபாய். "கிளட்ச் போன வருசம்தானே மாத்துனோம்" என்று முதல் தடவை யாரும் அந்தப் பக்கமே போகவில்லை.

இதைத் திறக்காமலே கண்டுபிடித்திருக்கலாம். அதற்கு ஒரே ஒரு கேள்வி போதும்: சத்தம் வரும் இந்த நொடியில் எவையெல்லாம் சுற்றுகின்றன, எவற்றின் மேல் பாரம் இருக்கிறது?

டாடா 1613 மாதிரி ஒரு பழைய லாரியை எடுத்துக்கொள்வோம். அந்தப் பேரிலேயே சேதி இருக்கிறது: 16 டன் மொத்த எடை, 130 குதிரைத்திறன். அதன் இன்ஜின் தரும் முறுக்கு விசை சுமார் 400 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 40 கிலோவைத் தொங்கவிட்டால் வருமே, அந்த அளவு. ஃபர்ஸ்ட் கியர் அதை ஏழு மடங்கு போலப் பெருக்குகிறது, பின் ஆக்ஸிலில் இருக்கும் கிரவுன் பல்சக்கரம் இன்னும் ஆறு மடங்கு போல. சக்கரத்துக்குப் போகும்போது அதே ஸ்பேனர் நுனியில் 1.7 டன் தொங்குகிற கணக்கு. பாக்ஸுக்குள் இந்தப் பாரம் எந்த நேரத்திலும் ஒன்றிரண்டு பற்கள் தொட்டுக்கொள்ளும் இடம் வழியாகத்தான் போகிறது.

உள்ளே மூன்று ஷாஃப்ட். இன்ஜினிலிருந்து சுழற்சியை வாங்கி வருவது கிளட்ச் ஷாஃப்ட். அது கீழே இருக்கும் லே ஷாஃப்ட்டை எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். லே ஷாஃப்ட்டின் பற்கள் மேலே மெயின் ஷாஃப்ட்டில் இருக்கும் கியர்களோடு எப்போதும் கோத்தபடி இருக்கும், ஆனால் அந்தக் கியர்கள் மெயின் ஷாஃப்ட்டின் மேல் சும்மா உருண்டுகொண்டிருப்பவை. நாம் கம்பியைத் தள்ளிக் கியர் போடும்போது, உருளும் கியர்களில் ஒன்றை மெயின் ஷாஃப்ட்டோடு பூட்டுகிறோம், அவ்வளவுதான். டாப் கியர் மட்டும் தனி ஜாதி. இந்த வகை ஐந்து கியர் பாக்ஸில் டாப் போட்டால் கிளட்ச் ஷாஃப்ட்டும் மெயின் ஷாஃப்ட்டும் நேராகப் பூட்டிக்கொள்ளும். லே ஷாஃப்ட் அப்போதும் சுற்றும், ஆனால் அதன் தலையில் பாரம் இருக்காது.

இந்தப் படம் மனதில் ஏறிவிட்டால் காது தானாக வேலை செய்யும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிடுங்கள். மெயின் ஷாஃப்ட் நிற்கிறது; கிளட்ச் ஷாஃப்ட்டும் லே ஷாஃப்ட்டும் சுற்றுகின்றன. கிளட்ச் பெடலை முழுக்க மிதித்தால் இன்ஜினோடு தொடர்பு அறுந்து அந்த இரண்டும் நின்றுவிடும். அதனால் உர்ரென்ற சத்தம் இருந்து, பெடலை மிதித்ததும் அது அடங்கினால், அந்த இரண்டில் ஒன்றின் பேரிங். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பாக்ஸின் கூட்டில் பேரிங் இருக்கும் இடத்துக்கு நேராக ஊன்றி, கைப்பிடியைக் காதில் ஒட்டினால் முன்பக்கமா பின்பக்கமா என்பதுகூடப் பிரியும். ஐடிலில் வரும் லேசான கடகடப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆறு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 30 முறை வெடிக்கிறது; அத்தனை உதையும் பற்களுக்கு வந்து சேர்கிறது. அதைத் தாங்கத்தான் கிளட்ச் பிளேட்டின் நடுவில் குட்டி ஸ்பிரிங்குகள் வைத்திருக்கிறார்கள். கடகடப்பு வரவர ஏறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த ஸ்பிரிங்குகளை.

இப்போது தலைகீழ். பெடலில் கால் வைத்ததும் சத்தம் ஆரம்பித்தால், கிளட்ச்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். முழுக்க மிதித்து, கியரும் போட்டு, வண்டி நிற்கும்போது மட்டும் கத்தினால் பைலட் பேரிங். இன்ஜின் சுற்ற, கிளட்ச் ஷாஃப்ட் நிற்க, இரண்டுக்கும் நடுவே அது மட்டும்தான் அந்த நேரத்தில் உருண்டாக வேண்டும். இரண்டுமே பாக்ஸுக்கு வெளியே இருப்பவை.

அப்புறம் வண்டியை ஓட்டிப் பாருங்கள். எல்லாக் கியரிலும் கத்தி, டாப்பில் மட்டும் அமைதியானால் லே ஷாஃப்ட் பேரிங். ஒரே கியரில் மட்டும் என்றால் அந்தக் கியர் ஜோடி. டாப் உட்பட எதைப் போட்டாலும் வருகிறது, ஆக்ஸிலரேட்டரை விட்டால் குரல் மாறுகிறது என்றால், பாக்ஸை விட்டுவிட்டுப் பின்னால் கிரவுன், அல்லது புரப்பெல்லர் ஷாஃப்ட்டை (பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் நீளத் தண்டை) நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் பக்கம் போங்கள். சத்தத்தின் ரகமும் பேசும். 20 பல் உள்ள கியர் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றினால், நொடிக்கு 500 பல் மோதுகிறது. தேய்ந்த கியரில் அது ஒரே சீரான ஊளையாகக் கேட்கும். ஒரு பல் மட்டும் உடைந்திருந்தால் நொடிக்கு 25 தட்டு. வேகத்தைக் குறைத்தால் டக், டக் என்று விரல் விட்டே எண்ணலாம்.

மாமா வண்டியின் கரகரவுக்கு வருவோம். ஓடும்போது கியர் மாற்றினால், பூட்டப்போகும் கியரும் மெயின் ஷாஃப்ட்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றுகின்றன. சிங்க்ரோனைசர் ரிங் என்கிற கூம்பு வடிவப் பித்தளை வளையம் முதலில் உரசி இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும், பிறகு பூட்டு விழும். ரிங் தேய்ந்தால் உரசல் போதாது, பற்கள் நேரடியாக மோதிக்கொள்ளும். இதைச் சோதிக்கப் பழைய டிரைவர்களின் டபுள் கிளட்ச்சே போதும். மிதித்து நியூட்ரல், விட்டு, கீழ்க்கியருக்கு என்றால் ஒரு சின்ன ரேஸ், மறுபடி மிதித்துக் கியர். ரிங் செய்ய வேண்டியதை உங்கள் கால் செய்துவிடுகிறது. இப்படிப் போட்டால் கியர் வெண்ணெயாக விழுகிறதா? ரிங்தான்.

நிற்கும் வண்டியில் அரைப்பது வேறு கதை. பெடலை மிதித்து ஐந்தாறு நொடி பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். இந்த வண்டிகளில் பொதுவாக ரிவர்ஸுக்கு ரிங் கிடையாது. அந்த நேரத்துக்குள் கிளட்ச் ஷாஃப்ட் நின்றிருக்க வேண்டும். அப்போதும் அரைத்தால் மிதித்த பிறகும் ஏதோ ஒன்று அதைச் சுற்றிக்கொண்டிருக்கிறது: கிளட்ச் லைனில் காற்று, நெளிந்த பிளேட், அல்லது இறுகிய பைலட் பேரிங். மாமா வண்டியில் இந்தச் சோதனையை யாரும் செய்யவில்லை. செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது.

காது சொன்னதை ஆயில் உறுதி செய்யும். வண்டி சூடாக இருக்கும்போது டிரெயின் பிளக்கைக் கழற்றுங்கள். காந்தம் வைத்த பிளக்காக இருந்தால் நல்லது. நுனியில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் அது வயசான வண்டிக்கு இயல்பு. விரலில் தேய்த்துப் பார்த்தால் நெறுநெறுப்பு தெரியாது. முள் முள்ளாக, செதில் செதிலாக இரும்பு வந்தால் பேரிங்கோ பல்லோ உதிர ஆரம்பித்துவிட்டது. ஆயிலை ஒரு தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். தங்கத் தூள் மாதிரி மின்னினால் அது பித்தளை, ரிங்கிலிருந்து வந்தது. காந்தம் அதைப் பிடிக்காது. பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

ஆயில் விஷயத்தில் அடிக்கடி நடக்கும் ஒரு தப்பு, கிரவுனுக்கு ஊற்றும் ஜிஎல்-5 ரக ஆயிலையே பாக்ஸுக்கும் ஊற்றிவிடுவது. கிரவுன் பற்களின் கடும் அழுத்தத்துக்காக அதில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் கூடுதலாக இருக்கும். சூட்டில் அவற்றில் பல பித்தளையை அரிக்கும். அதோடு, ரிங்குக்கு வேண்டியது உரசல். அதிக வழுவழுப்பு அதற்கு எதிரி. வண்டியின் கையேடு ஜிஎல்-4 கேட்டால் அதைத்தான் ஊற்ற வேண்டும்.

சரி, செலவு. இது பெரும்பாலும் எந்த ஆழம் வரை போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆயில் மாற்றுவது சில ஆயிரத்தில் முடியும். பாக்ஸை இறக்கிவிட்டால், கிளட்ச் வேலையானாலும் உள்வேலையானாலும் இறக்கி ஏற்றும் கூலி ஒன்றுதான். அதனால் இறக்கியபின் பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங், ஆயில் சீல் மூன்றையும் பார்க்காமல் ஏற்றுவது தப்புக் கணக்கு. பாக்ஸைப் பிரித்து பேரிங், ரிங் மட்டும் போட்டால் பட்ஜெட் ஓரளவு கட்டுக்குள் நிற்கும். லே ஷாஃப்ட், கியர் என்று போனால் பல பத்தாயிரம். அதிலும் கியரை ஒற்றையாக மாற்றக் கூடாது. தேய்ந்த பல்லோடு புதுப் பல் சேர்ந்தால் ஊளையிடும், கொஞ்ச நாளில் புதுசும் போய்விடும். ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். அந்த நிலையில் உடைத்த வண்டியின் பாக்ஸ் ஒன்று முழுசாகக் கிடைக்குமா என்று விசாரிப்பதில் தப்பில்லை. மூடியைத் திறந்து பற்களைப் பார்த்து, ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் அசைத்து ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். பாக்ஸின் ஆயுள் இன்னும் சில மாதம் தாங்கும் என்று பட்டால், வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி. வரை தள்ளிப்போடுவது என் யோசனை. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும். வேலைக்கு எப்படியும் வண்டி நிற்கும்; நிற்கும் நாளை இரண்டு தடவை இழக்க வேண்டாம்.

ஆனால் இரும்புச் செதில் வந்த வண்டியைத் தள்ளிப்போட முடியாது. வழியில் நின்றுவிட்டால் அதைப் பட்டறைக்கு எப்படிக் கொண்டுபோகிறோம் என்பதிலும் பாக்ஸ் சாகலாம். இந்தப் பாக்ஸில் தனியாக ஆயில் பம்ப் கிடையாது. லே ஷாஃப்ட் ஆயிலுக்குள் மூழ்கிச் சுற்றி, வாரி இறைப்பதுதான் மேலே இருக்கும் மெயின் ஷாஃப்ட்டுக்கு எண்ணெய். இன்ஜினை அணைத்துக் கட்டி இழுத்தால், சக்கரம் வழியாக மெயின் ஷாஃப்ட் சுற்றுகிறது, லே ஷாஃப்ட் அசையாமல் கிடக்கிறது. மேலே ஒரு சொட்டு ஏறாது. தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் அணைத்துவிட்டு உருட்டும்போதும் உள்ளே நடப்பது இதேதான். போதாததற்கு பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரசரும் இன்ஜினோடு நின்றுவிடும். அதனால் கயிறு கட்டும் முன் வண்டிக்கு அடியில் படுத்து, புரப்பெல்லர் ஷாஃப்ட்டின் போல்ட்டுகளைக் கழற்றி, ஷாஃப்ட்டைச் சேஸிஸோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். போல்ட் துருப்பிடித்து வராவிட்டால், பின் சக்கரத்தின் ஹப்பில் இருக்கும் நட்டுகளைக் கழற்றி இரண்டு ஆக்ஸில் ஷாஃப்ட்டையும் உருவிவிட்டு, ஹப்பின் வாயைத் துணியால் நன்றாக அடைத்துக் கட்டி இழுக்கலாம்.