கல்லீரல் செய்துதரும் இரண்டாவது மருந்து

போன மாதம் ஒரு வாசகியிடமிருந்து நீளமான கடிதம் ஒன்று வந்தது. பல ஆண்டுகளாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற, மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் நோயோடு வாழ்கிறவர். இரவானால் கால் தசைகள் விறைத்து இழுத்துக்கொள்ளும், வலியில் தூக்கம் பிடிக்காது. அவர் இருக்கும் நாட்டில் மருத்துவர் எழுதிக்கொடுத்தால் கஞ்சா வாங்கலாம். புகைத்தால் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பதால் வீட்டிலேயே வெண்ணெயில் இறக்கி, பிஸ்கட்டாகச் சுட்டுவைத்துச் சாப்பிடுகிறார். அவர் கேட்டது இதுதான்: "எல்லாம் ஒரே தட்டில் சுட்டவை. ஒரு நாள் வெறும் வயிற்றில் ஒன்று சாப்பிட்டேன், ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாரம் ராத்திரி விருந்துச் சாப்பாடு முடித்துவிட்டு அதேபோல ஒன்று சாப்பிட்டேன். நடு இரவில் எழுந்து நிற்க முடியவில்லை, நெஞ்சு படபடவென்று அடித்தது, விடியும்வரை பயந்துபோய்க் கிடந்தேன். பிஸ்கட் மாறவில்லையே, பிறகு எது மாறியது?"

இதற்கான பதில் கொஞ்சம் பிஸ்கட்டிலும் பெரும்பகுதி அவருடைய கல்லீரலிலும் இருக்கிறது. அந்தக் கல்லீரல் கதைக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன், ஆனால் அதற்கு முன்னால் செடியிலிருந்து தொடங்கியாக வேண்டும்.

கஞ்சாச் செடியில் போதை தரும் டிஎச்சி கிட்டத்தட்ட இல்லை. செடி செய்வது டிஎச்சிஏ என்ற அமிலத்தை. அந்த மூலக்கூறின் ஓரத்தில் கார்பாக்சில் தொகுதி என்ற சிறு அணுக்கூட்டம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், அது இருக்கிறவரை மூளையில் பெரிதாக எந்த வேலையும் நடக்காது. சூடு பட்டால் அந்தத் தொகுதி கார்பன் டை ஆக்சைடாகக் கழன்று பறந்துவிடும், மிஞ்சுவது டிஎச்சி. புகைக்கும்போது நெருப்பே இதை நொடியில் செய்துவிடுகிறது. சமைக்கிறவர்கள் அடுப்பில் நிதானமாகச் செய்கிறார்கள். ஆயிரம் மில்லிகிராம் அமிலம் முழுதாக மாறினாலும் கிடைப்பது 877 மில்லிகிராம்தான், மீதி காற்றில் போன எடை. சூடு போதவில்லை என்றால் பாதி அமிலமாகவே தங்கிவிடும், கூடிப்போனால் டிஎச்சியே சிதையும். ஆக முதல் கணக்கே வீட்டு அடுப்பில் ஊகமாகிவிடுகிறது.

அடுத்து, டிஎச்சி தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். வெண்ணெய் அதற்காகத்தான். ஆனால் வெண்ணெய் மாவில் எல்லா இடத்திலும் சமமாகப் பரவுவதில்லை, ஒரு மூலையில் கூடுதலாகவும் இன்னொரு மூலையில் கொஞ்சமாகவும் சேரும். வீட்டுச் சமையலை மட்டும் குறை சொல்ல வேண்டாம். 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கடையில் உறைபோட்டு விற்ற 75 கஞ்சாத் தின்பண்டங்களைச் சோதித்தபோது, மேலே அச்சிட்ட அளவு ஓரளவுக்குச் சரியாக இருந்தவை 17 சதவீதம்தான். கருவிகள் வைத்துச் செய்கிறவர்களுக்கே அந்த நிலை என்றால், ஒரே தட்டில் சுட்டவை என்பதாலேயே இரண்டு பிஸ்கட்டுகளில் மருந்தளவும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது.

சரி, கல்லீரலுக்கு வருவோம்.

புகையை இழுத்தால் டிஎச்சி நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குப் போய், இதயத்தைத் தொட்டு நேராக மூளைக்குப் போகிறது. சில நிமிடங்களில் வேலை தெரிந்துவிடும். விழுங்கினால் பாதையே வேறு. இரைப்பையில் காத்திருந்து, சிறுகுடலுக்கு இறங்கி, பித்தநீர் கொழுப்பைச் சின்னத் துளிகளாக உடைத்த பிறகுதான் குடல் சுவரைத் தாண்டும். குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் மற்ற உறுப்புகளின் ரத்தத்தைப்போல நேரே இதயத்துக்குத் திரும்புவதில்லை. அதற்கென்று தனியாக ஒரு சிரை உண்டு, அது எல்லாவற்றையும் முதலில் கல்லீரலிடம் கொண்டுபோய்க் கொட்டும். வாய் வழியாக வந்தவற்றில் பெரும்பாலானவற்றைக் கல்லீரல் பார்த்த பிறகுதான் உடம்புக்குள் விடும். பல கோடி ஆண்டுகளாக விலங்குகள் எதையெதையோ தின்று உயிரோடு இருப்பதற்கு இந்தச் சோதனைச்சாவடியும் ஒரு காரணம்.

அங்கே சைப் 2சி9 என்றொரு நொதி இருக்கிறது. கொழுப்பில் கரையும் அந்நியப் பொருள் வந்தால் அதில் ஓர் ஆக்சிஜன் அணுவைச் செருகுவது இதன் வேலை. ஆக்சிஜன் சேர்ந்தால் மூலக்கூறு தண்ணீரோடு கொஞ்சம் ஒட்டும், பிறகு அதைச் சிறுநீரிலோ பித்தநீரிலோ கழித்துக்கட்டுவது சுலபம். பெரும்பாலான பொருள்கள் இந்த முதல் அடியிலேயே பலம் குறைந்துபோகும். டிஎச்சியின் விஷயத்தில் நடப்பது வேறு. அதன் பதினோராவது கார்பனில் ஆக்சிஜன் ஏறியதும் 11-ஹைட்ராக்சி-டிஎச்சி என்ற புதுப் பொருள் பிறக்கிறது. இது டிஎச்சிக்குச் சற்றும் குறையாத வீரியம் உள்ளது, மூளைக்குள் அதைவிடச் சீக்கிரம் நுழையக்கூடியது! வெளியே தள்ளுவதற்காகக் கல்லீரல் எடுத்துவைத்த முதல் அடியே பாதி வழியில் ஒரு நல்ல மருந்தைச் செய்துவிடுகிறது. அப்புறம் இன்னொரு நொதி இன்னும் ஆக்சிஜன் சேர்த்த பிறகுதான் அது வேலையற்ற அமிலமாகும். சிறுநீர்ச் சோதனையில் பிடிபடுவது அந்தக் கடைசி அமிலம்தான்.

புகைத்தவரின் ரத்தத்தில் இந்த 11-ஹைட்ராக்சி, டிஎச்சியோடு ஒப்பிட்டால் மிகக் கொஞ்சம். சாப்பிட்டவரின் ரத்தத்திலோ இரண்டும் ஏறக்குறையச் சமமாக ஓடும், சிலரிடம் இது மிஞ்சியும் போகும். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. புகைக்கிறவரும் சாப்பிடுகிறவரும் ஒரே செடியிலிருந்து வேறுவேறு மருந்துக் கலவையை எடுத்துக்கொள்கிறார்கள். சாப்பிடுகிறவருக்கு அந்தக் கலவையை முடித்துக்கொடுப்பது அவருடைய சொந்தக் கல்லீரல். ஆகவே பிஸ்கட்டில் எவ்வளவு போட்டோம் என்ற கணக்கு ஒன்று, உடம்புக்கு எவ்வளவு கிடைத்தது என்ற கணக்கு இன்னொன்று. விழுங்கிய டிஎச்சியில் ரத்த ஓட்டத்துக்கு டிஎச்சியாகவே வந்து சேருவது சுமார் 4 முதல் 12 சதவீதம். இவ்வளவு சின்ன எண்ணில் சிறு ஏற்ற இறக்கம் வந்தாலே விளைவு இரண்டு மூன்று மடங்கு மாறிவிடும்.

விருந்துச் சாப்பாடு செய்த வேலை இங்கேதான். ட்ரோனாபினால் என்ற டிஎச்சி மாத்திரை 1985 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. அதைக் கொழுப்பு மிகுந்த உணவோடு கொடுத்துப் பார்த்தபோது, ரத்தத்துக்கு வந்துசேர்ந்த மொத்த டிஎச்சி ஏறக்குறைய மூன்று மடங்காகியது, உச்சமும் சுமார் நான்கு மணி நேரம் தள்ளிப்போனது. எட்டு மணிக்குச் சாப்பிட்டவருக்கு நடு இரவில் ஏன் தூக்கிப்போட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்காது. பொதுவாகச் சாப்பிட்ட அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கும், இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் உச்சம், ஆறு எட்டு மணி நேரம் நீடிக்கும். ஒரு மணி நேரம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னொன்றை எடுத்து வாயில் போடுகிறவர்களில் சிலர் அவசர சிகிச்சைப் பிரிவில் போய் நிற்கிறார்கள். மருத்துவர்கள் ட்ரோனாபினாலை 2.5 மில்லிகிராமில் தொடங்குவது வழக்கம். வீட்டு பிஸ்கட் ஒன்றில் அதைப்போலப் பத்து மடங்கு இருந்தாலும் நாக்குக்கு வித்தியாசம் தெரியாது.

மூளையில் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நரம்பு செல்களில் சிபி1 என்ற ஏற்பிகள், அதாவது சேதியைப் பிடிக்கும் பூட்டுகள், உண்டு. நம் உடம்பே அதற்கான சாவியைச் செய்துகொள்கிறது. 1992-இல் கண்டுபிடித்த அந்தச் சாவிக்கு, ஆனந்தம் என்ற சொல்லிலிருந்து ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். சேதி வாங்கும் நரம்பு, அனுப்பும் நரம்பைப் பார்த்துப் "போதும், குறைத்துக்கொள்" என்று பின்னோக்கிச் சொல்லும் ஏற்பாடு இது. அளவுமீறிச் சுடும் நரம்புகள் அடங்கினால் தசை இறுக்கமும் வலியும் குமட்டலும் ஓரளவு தணியும். 2017-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் வெளியிட்ட அறிக்கை, பெரியவர்களின் நாள்பட்ட வலி, கீமோதெரபி வாந்தி, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் உணரும் தசை இறுக்கம் ஆகிய மூன்றுக்கும் தக்க சான்று இருப்பதாகச் சொன்னது. நிவாரணம் உண்டு, ஆனால் அது மிதமானதுதான். புற்றுநோயையே குணமாக்கும் என்று பரப்புகிறவர்களிடம் எனக்குத் துளியும் பொறுமை இல்லை, அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்கள் உயிரை அல்லவா பணயம் வைக்கிறார்கள். இயற்கையானது என்பதால் தீங்கில்லை என்ற பேச்சும் அப்படித்தான். இதய நோய் உள்ளவர்கள், குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. சாப்பிட்ட அன்று வண்டி ஓட்டக் கூடாது. குழந்தைக்கு பிஸ்கட் என்றால் பிஸ்கட்தான், அதனால் பூட்டு போட்ட அலமாரியில்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். டிஎச்சியை 1964-இல் தூய வடிவில் பிரித்துக்காட்டிய இஸ்ரேலிய வேதியியலாளர் ரஃபேல் மெச்சூலம், 1980-இல் பிரேசில் மருத்துவர்களோடு சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார். கஞ்சாவிலேயே உள்ள, போதை தராத சிபிடி என்ற பொருளை வலிப்பு நோயாளிகள் எட்டுப் பேருக்குக் கொடுத்ததில் ஏழு பேருக்கு ஏதோ ஒரு அளவில் பலன் தெரிந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் அதைப் பெரிய அளவில் தொடர நீண்ட காலம் யாரும் முன்வரவில்லை. அதே சிபிடி, குழந்தைகளின் கடும் வலிப்புக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2018-இல். நடுவில் 38 ஆண்டுகள். அமெரிக்காவில் 1968 முதல் 2021 வரை ஆராய்ச்சிக்குக் கஞ்சா வளர்க்க ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்குத்தான் அனுமதி இருந்தது. இயற்கையில் கிடைக்கும் செடிக்கு அப்படியே காப்புரிமை வாங்க முடியாது என்பதால் மருந்துக் கம்பெனிகளும் ஆர்வம் காட்டவில்லை. நோயாளிகள் அடுப்பங்கரையில் தாங்களே சோதித்துப் பார்க்க வேண்டிய நிலை வந்ததற்கு அரசுகள்தான் முதல் பொறுப்பு என்பது என் உறுதியான கருத்து. பொதுப்பணம் இதற்குப் போயிருக்க வேண்டும், இனியாவது போக வேண்டும்.

வாசகிக்குப் பதில் எழுதும்போது இதையெல்லாம் சொல்லிவிட்டு, வேறு என்ன மருந்துகள் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். காரணம் அந்த சைப் 2சி9 நொதிதான். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் உட்படப் பல மருந்துகளை அதுதான் கையாளுகிறது. பிறவியிலேயே அது மந்தமாக இருப்பவர்களும் உண்டு, அவர்கள் ரத்தத்தில் டிஎச்சி மூன்று மடங்குவரை தேங்கும். சில மருந்துகள் அந்த நொதியையே கட்டிப்போட்டுவிடும்.

இரண்டு நாளில் பட்டியல் வந்தது. நான்காவது வரியில் ஃப்ளுகோனசோல். தோலில் வந்த பூஞ்சைத் தொற்றுக்காக, அந்த விருந்துக்கு மூன்று நாள் முன்னால் தொடங்கியிருக்கிறார். சைப் 2சி9-ஐ நன்றாகத் தடுக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று. கஞ்சா எழுதிக்கொடுத்த மருத்துவருக்கு அந்த மாத்திரை பற்றித் தெரியாது, தோல் மருத்துவருக்கு பிஸ்கட் பற்றித் தெரியாது. இரண்டு பேரிடமும் முழுப் பட்டியலையும் காட்டச் சொல்லி எழுதியிருக்கிறேன்.