பீப் சத்தம் யார் காதில் விழும்?

பூட்டிக் கிடக்கும் சர்வர் அறைக்குள் யூ.பி.எஸ். விடிய விடியக் கத்தினாலும் கேட்க ஆள் கிடையாது. அதனால்தான் அதன் முதுகில் ஒரு நெட்வொர்க் கார்டைச் செருகி, ஐ.பி. முகவரி கொடுத்து, சாதனங்களை நெட்வொர்க் வழியே கண்காணிக்கும் எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறையில் பேச வைக்கிறார்கள்.

பேச்சு இரண்டு விதம். கண்காணிப்பு சர்வர் சில நிமிஷத்துக்கு ஒருமுறை நிலவரம் கேட்கும், இது யூ.டி.பி. என்ற செய்தி அனுப்பும் முறையில் போர்ட் 161, அதாவது 161-ஆம் எண் வாசல். ஏதாவது ஆனால் கேட்காமலே கார்டு குரல் கொடுக்கும். அதுதான் ‘ட்ராப்’, போர்ட் 162. எல்லாக் கம்பெனி யூ.பி.எஸ்.ஸும் ஒரே மாதிரி பதில் சொல்லட்டும் என்று 1994-இல் ஆர்.எஃப்.சி. 1628 என்ற பொது விதி ஆவணம் வந்தது. அதில் பேட்டரி நிலைக்கு நான்கே எண்கள். 1 என்றால் தெரியவில்லை. 2, நலம். 3, மிச்ச நேரம் நாம் வைத்த வரம்புக்கு வந்துவிட்டது. 4, கரண்ட் போனால் இந்த லோடைத் தாங்காது.

ட்ராப்பை மட்டும் நம்பி நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். கரண்ட் போனது, கார்டும் ட்ராப் அனுப்பியது, எனக்கு வரவில்லை. கார்டின் கேபிள் போய்ச் சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச் யூ.பி.எஸ்.ஸில் இல்லாமல் நேராகச் சுவர் பிளக்கில் இருந்தது. கரண்டோடு அதுவும் அணைந்துவிட்டது. யூ.டி.பி.யில் ‘வந்து சேர்ந்ததா?’ என்ற விசாரிப்பு கிடையாது. ட்ராப்புக்குப் பதிலாகப் பதில் எதிர்பார்க்கும் ‘இன்ஃபார்ம்’ வகைச் செய்தி உண்டு. ஆனால் ஸ்விட்சே செத்துக் கிடந்தால் அதுவும் போய்ச் சேராது. அதனால் கேள்விக்குப் பதில் வராததையே ஓர் அலாரமாக வைக்க வேண்டும்.

இதைவிட ஏமாற்றுவது வோல்டேஜ். ஆறு செல் கொண்ட 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி சார்ஜரில் இருக்கும்வரை 13.6 வோல்ட் போல லட்சணமாகக் காட்டும். உள்தடை (மின்னோட்டத்துக்கு பேட்டரிக்குள்ளேயே இருக்கும் எதிர்ப்பு) ஏறிப்போன கிழட்டு பேட்டரியும் அப்படித்தான். லோடு ஏறினால்தான் குட்டு வெளிப்படும். அறைச் சூடு 25 டிகிரியைத் தாண்டி ஏறும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும்; ஏ.சி. பழுதான அறையில் பேட்டரி சீக்கிரமே கிழடாகிவிடும்.

ஆகவே செல்ஃப் டெஸ்ட் அவசியம். சில நொடிகள் லோடை பேட்டரிக்கு மாற்றிப் பார்ப்பது. நான் பார்த்த ஒரு யூ.பி.எஸ். 25 நிமிஷம் தாங்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. சரி, பார்க்கலாம் என்று டெஸ்டைத் தட்டினேன். பத்து நொடிக்குள் பேட்டரி நிலை 2 என்பது 3 ஆனது. பேட்டரியை வெளியே இழுத்தால் பாதியிலேயே சிக்கிக்கொண்டது. பக்கவாட்டில் அவ்வளவு உப்பியிருந்தது.