பிள்ளை வாய் திறந்த பிறகு சபை செய்ய வேண்டியது

பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாகி, வேலூரில் ஆலோசனைக்காக என்னிடம் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் நேராக வருவதில்லை. வயிற்றுவலிக்கு ஸ்கேன் எடுத்து, "பயந்திருக்கும்" என்று தர்காவில் மந்திரித்து, உபவாச ஜெபத்துக்கும் கூட்டிப்போய், எதிலும் குணமாகாமல் கடைசியில் வருகிறார்கள். எப்போதோ நின்றுபோன, படுக்கையை நனைக்கும் பழக்கம் மறுபடி வந்திருக்கும். குறிப்பிட்ட ஒருவர் வீட்டுக்கு வந்தால் பிள்ளை பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும். ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் அம்மாவுக்கு, பகலில் வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டால்தான் யோசனையே வரும்.

இவற்றில் எதுவும் தனியாகப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஒரு சாட்சியம் ஆகாது. பரீட்சை பயமாக இருக்கலாம், வீட்டுச் சண்டையாக இருக்கலாம். ஆனாலும் பேயைச் சந்தேகிக்கும் வேகத்தில் பக்கத்தில் இருக்கும் மனிதரை நாம் சந்தேகிப்பதில்லை. மத்திய அரசு 13 மாநிலங்களில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 53 சதவீதப் பிள்ளைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்குச் சற்று மேல் பையன்கள். ஆண்பிள்ளைக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நான் கிறிஸ்தவள். அதனால் எங்கள் வீடுகளில் நடப்பதைத்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. பிள்ளை தட்டுத்தடுமாறிச் சொல்லிவிடும். உடனே, "கம்முனு இரு கண்ணு, வெளிய சொன்னா சபைக்குக் கெட்ட பேரு." அப்புறம் யாராவது ஒரு பெரியவர் வந்து, "மன்னிச்சிடும்மா, ஆண்டவர் பார்த்துக்குவார்" என்பார்.

இது புதிய பேச்சு இல்லை. தாவீதின் மகன் அம்னோன் தன் மாற்றாந்தாய் மகளான தாமாரைக் கெடுத்தபோது, அவளுடைய உடன்பிறந்த சகோதரன் அப்சலோம் அவளிடம் சொன்னதும் இதுதான்: நீ மவுனமாயிரு, அவன் உன் சகோதரன். தாவீது ராஜா கேள்விப்பட்டு வெகு கோபமாயிருந்தான் என்று 2 சாமுவேல் 13 சொல்கிறது. கோபப்பட்டான், அவ்வளவுதான். மகனை நியாயத்தில் நிறுத்தவில்லை. அந்த வீடு அதோடு எப்படிச் சிதைந்தது என்பதை அடுத்த அதிகாரங்களில் வாசிக்கலாம்.

மன்னிப்புக்கு எல்லாரும் எடுப்பது மத்தேயு 18-ஐ, ஏழெழுபது தரம் என்ற வசனத்தை. பேதுரு அங்கே கேட்பது, தனக்கு விரோதமாய்க் குற்றம் செய்த சகோதரனைப் பற்றி. பிள்ளைக்கு நேர்ந்ததை மன்னிக்கும் உரிமை பேதுருவுக்கும் இல்லை, ஆயருக்கும் இல்லை, தகப்பனுக்கும் இல்லை. அதே அதிகாரத்தில் அதற்கு முன்பே, ஆறாம் வசனத்தில், சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிச் சமுத்திரத்தில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்று இயேசு சொல்லியிருக்கிறார். அதைத் தாண்டிக் குதித்து இருபத்திரண்டாம் வசனத்துக்குப் போவது வேதத்தை வாசிக்கும் முறை அல்ல.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இரு பிள்ளைகளுக்கும் பொருந்தும். குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் வழக்கு வராது. "கமிட்டியில் வைத்து விசாரிப்போம்" என்பது புகாருக்கு மாற்று ஆகாது. அந்த ஊழியரை வேறு ஊர்ச் சபைக்கு மாற்றுவது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்.

போலீஸ் என்றாலே குடும்பங்கள் நடுங்குகின்றன. ஆனால் சட்டப்படி, பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, போலீஸ் சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்ய வேண்டும். பெண் மருத்துவர்தான் பெண்பிள்ளையைப் பரிசோதிக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் சிகிச்சை என்று எந்த மருத்துவமனையும் சொல்ல முடியாது. கர்ப்பத்தையும் எச்.ஐ.வி. தொற்றையும் தடுக்கும் மருந்துகளை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டியிருப்பதால், குடும்பத்தார் கூடிப் பேசி முடிவெடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் ஒரு காகிதப் பையில் எடுத்து வையுங்கள்.

பிள்ளை சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். "அப்பவே ஏன் சொல்லல" என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். அந்தக் கேள்விக்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள், காப்பாற்ற முடியாது. "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல, பாதுகாப்பா இருக்க யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்றேன்" என்றால் போதும். ஆயரம்மாவிடம் ஒரு தரம், பாட்டியிடம் ஒரு தரம் என்று திரும்பத் திரும்பச் சொல்லவைக்கவும் கூடாது. ஜெபக்குறிப்பில் பெயரை எழுதாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் வரும் ஜெபக்குறிப்பு காட்பாடியில் தொடங்கி அன்றைக்கே குடியாத்தம் போய்ச் சேர்ந்துவிடும்.

மே மாதம் வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி தொடங்கும் முன் ஒவ்வொரு சபையும் சிலவற்றை முடிவு செய்யலாம். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, வேனில் கடைசியாக இறங்கும் பிள்ளையோடு இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், புதிதாக வரும் ஆசிரியரைப் பற்றி அவர் முன்பிருந்த சபையில் விசாரிக்க வேண்டும். பிள்ளைகளுக்கான உதவி எண்ணான 1098-ஐ ஓய்வுநாள் பள்ளி அறையில் பிள்ளைகளின் கண் உயரத்தில் எழுதி ஒட்டுங்கள். அது இலவசம், இரவும் பகலும் எடுப்பார்கள். பெரியவர்கள் யாரையும் கேட்காமல் பிள்ளையே கூப்பிடலாம் என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.