ராத்திரியில் மூச்சுவிடும் வேலி

கடலூர் சில்வர் பீச் பக்கம் வீடு கட்டியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மணல் தரை, உப்புக்காற்று. புல்தரை போட்டால் சித்திரையில் கருகிவிடுகிறது. வெள்ளைக் கூழாங்கல் கொட்டி, நர்சரியில் விற்கும் கள்ளிகளை வைத்துப் பாலைவனத் தோட்டம் போடலாமா?”

பாலைவன ஊர்களில் இதை நன்றாகச் செய்கிறவர்கள் கூழாங்கல்லிலிருந்து தொடங்குவதில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் டூசான் என்றொரு நகரம். ஆண்டுக்குச் சுமார் 300 மி.மீ. மழை, கடலூருக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய கால்பங்கு. அங்கே சாலையோரக் கரையை வெட்டிவிட்டு, தெருவில் ஓடும் மழைநீரைத் தாழ்வான குழிகளுக்குள் திருப்புகிறார்கள். குழியோரம் அந்த மண்ணின் மெஸ்கீட் மரங்கள். புதிய வணிகக் கட்டடங்கள் தோட்டத்துக்கு வேண்டிய நீரில் பாதியை மழையிலிருந்தே எடுக்கவேண்டும் என்று 2008-இல் சட்டமே போட்டார்கள். அந்தப் பக்கத்து சாவாரோ கள்ளியில் மரங்கொத்தி பொந்து குடையும். அது காலி செய்ததும் சிட்டுக்குருவி அளவே இருக்கும் எல்ஃப் ஆந்தை குடிவரும்.

சரி, அதே செடிகளை இங்கே கொண்டுவந்தால்? மெஸ்கீட்டின் நெருங்கிய சொந்தம் வேறு யாருமில்லை, நம் சீமைக்கருவேலம்தான். சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கியதுதான். டூசானிலிருந்து முறையை எடுத்துக்கொள்வோம், செடிகள் அங்கேயே இருக்கட்டும். பாலைவன வித்தை தெரிந்தவை நம் வேலியிலேயே இருக்கின்றன: சதுரக்கள்ளி, அதன்மேல் படரும் பிரண்டை.

அந்த வித்தை என்ன? செடி உணவு தயாரிக்கக் கரியமில வாயு வேண்டும். அதற்கு இலைத்துளையைத் திறந்தாகவேண்டும். திறந்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகப் போய்விடும். பெரும்பாலான செடிகள் வெயில் வேண்டும் என்பதால் பகலில் திறக்கின்றன, ஒரு கிராம் கரியமில வாயுவுக்கு 400, 500 கிராம் நீரை இழக்கின்றன. கள்ளி பகலில் கதவை இறுக்கிச் சாத்திவிடும். பொழுது சாய்ந்து, காற்று குளிர்ந்து ஈரமான பிறகுதான் திறக்கும். ஆனால் இருட்டில் சமைக்க முடியாதே? அதனால் வந்த வாயுவை ஒரு நொதியின் உதவியால் பிடித்து, மாலிக் அமிலமாக மாற்றி, செல்லுக்குள் இருக்கும் பெரிய நுண்குமிழில் சேர்த்துவைக்கிறது. நாம் ராத்திரி அரைத்துவைத்து, காலையில் புளித்த மாவில் இட்லி ஊற்றுகிறோமே, அந்த மாதிரி. விடிந்ததும் துளைகள் மூடிக்கொள்ளும். அமிலம் வெளியே வந்து உடையும், கரியமில வாயு செடிக்குள்ளேயே மறுபடி பிறக்கும், வெயிலில் சர்க்கரையாகும். நீர்ச்செலவு கிராமுக்கு 50 முதல் 100 கிராம்தான். தண்டு ஏன் அவ்வளவு சதைப்பற்றாக இருக்கிறது என்பதற்கும் இதில் பாதி விடை இருக்கிறது: அமிலம் வைக்க இடம் வேண்டும். அந்த இடம் நிரம்பினால் அன்றைய வரவு முடிந்தது. கள்ளி ஆடி அசைந்து வளர்வதும் அதனால்தான். பிரண்டை இன்னும் கெட்டிக்காரி. மெல்லிய இலைகள் எல்லாச் செடியையும் போலப் பகலில் வேலை செய்யும், தண்டு மட்டும் இரவுக் கணக்கு.

இதை நாக்கால் கண்டுபிடித்தவர் பெஞ்சமின் ஹெய்ன். தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் ஆனவர். ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சப்பென்று இருக்கிறது, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று கடிதம் எழுதினார்; 1815-இல் அது லண்டனில் அச்சேறியது. நீங்கள் நாக்கை நீட்டவேண்டாம், அந்தச் செடியில் நச்சும் உண்டு. விடியற்காலை ஒரு இலை, மாலை ஒரு இலை, சாறு பிழிந்து, அமிலத்தைக் காட்டும் பி.எச். தாளில் வைத்தால் போதும். எந்தக் கல்லூரியும் செய்யக்கூடிய சோதனை. நம் மணற்பகுதிச் செடிகளையெல்லாம் இப்படி மாதாமாதம் பார்க்க ஆகும் செலவு ஒரு கருத்தரங்கின் பிளெக்ஸ் பேனர் செலவுதான் இருக்கும் என்பது என் எண்ணம்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் சுற்றும் “இரவில் ஆக்சிஜன் தரும் செடி”. துளை இரவில் திறக்கிறது என்ற பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு சோற்றுக்கற்றாழையைப் படுக்கையறைக்கென்று விற்கிறார்கள். ஆக்சிஜன் வருவது வெளிச்சம் நீரைப் பிளக்கும்போது. இருட்டில் அது நடக்காது. வாசலில் திருஷ்டிக்குக் கட்டிய கற்றாழை மாதக்கணக்கில் வாடாததும் தெய்வச்செயல் அல்ல, கதவைச் சாத்திக்கொண்டு சேமிப்பில் வாழ்கிறது, அவ்வளவுதான். முள்செடி வைத்தால் வீட்டில் சண்டை வரும் என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. காம்பவுண்ட் சுவர் எழுப்பிய வீடுகளிலும் சண்டை நடக்கிறது.

வாசகருக்கு வருகிறேன். கூழாங்கல்லும் அதன் அடியில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் வேண்டாம். மண்ணில் வளை தோண்டும் தேனீக்களுக்கு அது பூட்டு. கொஞ்சம் மணலை வெறுமனே விடுங்கள். கூரைநீர் இறங்கும் இடத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி. ஐப்பசி, கார்த்திகை மழை அங்கே இறங்கட்டும். எல்லையில் சதுரக்கள்ளி, அதில் பிரண்டையும் கோவையும் ஏறட்டும். கோவைப்பழத்துக்குக் கிளி வரும், முள்ளுக்குள் சின்னக் குருவிகள் பயமில்லாமல் உட்காரும், வேலியில் போகிற ஓணானுக்குப் போக ஒரு வேலி கிடைக்கும். கடற்கரையை ஒட்டிய மேட்டில் அடும்புக்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் தானாகவே இருந்தால் கைவைக்காதீர்கள். மணலைப் பிடித்துவைப்பவை அவை. கடல் பக்கம் பார்த்த விளக்கை மட்டும் இரவில் அணைத்துவிடுங்கள், தை மாசியில் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிட வரும்.

கள்ளியை நட நர்சரிக்கு அலையவேண்டாம். பழைய வேலி ஒன்றில் கேட்டு ஒரு துண்டு வாங்கி, வெட்டுவாய் காயும்வரை நிழலில் வைத்து, பிறகு ஊன்றலாம். வெட்டும்போது பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பார்வையையே கெடுக்கும். குழந்தைகள் ஓடியாடும் பக்கத்தில் அதற்குப் பதில் காரைச்செடி வையுங்கள்.